ஏர் கன் நட்டைக் கழற்ற மறுக்கிறதா? கன்னைப் பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கடலூர் முதுநகரில் என் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு 2 ஹெச்பி கம்ப்ரஸர் இருக்கிறது. 50 லிட்டர் தொட்டி, அரை இன்ச் ஏர் கன். ஏர் கன் என்றால் காற்றின் பலத்தில் அடித்து நட்டைக் கழற்றும் கருவி, அரை இன்ச் என்பது சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு. வாங்கிய முதல் வாரமே ஏமாற்றம். முன் சக்கர நட்டில் கன்னை வைத்து அழுத்தினால் டகடகவென்று அடித்துக்கொண்டே இருந்தது, நட் மட்டும் அசையவில்லை. கடைசியில் வீல் ஸ்பானரை மாட்டி அதன் மேல் ஏறி நின்று கழற்றினேன். கன்தான் மட்டம் என்று முடிவு கட்டி, அதைப் பிரித்து, புது பிளேடு செட் (காற்று தள்ளிச் சுற்றவைக்கும் உள் தகடுகள்) வாங்கிப் போட்டு மூடினேன். மறுபடியும் அதே டகடக. கம்ப்ரஸரோடு இலவசமாகக் கொடுத்த நீலச் சுருள் ஹோஸ்தான் காரணம் என்று தெரிய இரண்டு மாதம் ஆனது.

அதற்கப்புறம் தெருவில் ஒருவர், மஞ்சக்குப்பத்தில் ஒருவர், புதுச்சேரிப் பக்கம் அரியாங்குப்பத்திலிருந்து ஒருவர் என்று "அண்ணே, கன் செத்துப்போச்சு" என்று தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். உண்மையிலேயே செத்த கன் எப்போதாவதுதான் வரும். மற்றதெல்லாம் காற்று போய்ச் சேராத கன். ஆகவே இங்கே கன்னைப் பிரிப்பது பின்னால்தான் வருகிறது.

அழுத்தத்தைக் கிலோவில் (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ) சொல்கிறேன், நம் ஊர் மெக்கானிக்குகள் பேசுவது அதில்தான். பிஎஸ்ஐ வேண்டுமானால் 14-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ஏர் கன்கள் பொதுவாக 90 பிஎஸ்ஐக்குக் கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. அதாவது சுமார் 6.3 கிலோ.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு சின்ன பிரஷர் கேஜ், அதைக் கன்னின் வாயில் மாட்ட ஒரு டீ (T வடிவ) இணைப்பு, சோப்புத் தண்ணீர், கடிகாரம், மல்டிமீட்டர். கண்ணுக்குக் கண்ணாடி. எதைக் கழற்றினாலும் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், பிறகு தொட்டியைக் காலி செய்யுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்காதீர்கள். யாராவது தெரியாமல் சுவிட்சைப் போட்டால், அழுத்தம் இறங்கிய கம்ப்ரஸர் உடனே கிளம்பும், விரல் பெல்ட்டுக்குள் இருக்கிறதா என்று அது பார்க்காது.

## முதலில் ஒரே ஒரு சோதனை

டீ இணைப்பைக் கன்னின் காற்று வாயில் மாட்டி அதில் கேஜைப் பொருத்துங்கள். தொட்டி நிறைந்து மோட்டார் நின்றதும் கேஜைப் பாருங்கள். 7 அல்லது 8 கிலோ காட்டும். இதை நம்பித்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். காற்று ஓடாமல் நிற்கும்போது ஊசித் துளை வழியாகக்கூட முழு அழுத்தம் வந்து சேர்ந்துவிடும். டிரிக்கரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, காற்று ஓடும்போது கேஜ் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். நான்கைந்து வினாடி போதும்.

- கன் வாயில் 6 கிலோ நிற்கிறது, ஆனாலும் நட் கழலவில்லை: காற்று வழியில் குறையில்லை. "காற்று சரி, அடி விழவில்லை" என்ற பகுதிக்குப் போங்கள்.
- கன் வாயில் 4, 3 என்று விழுகிறது, தொட்டியின் கேஜ் மட்டும் மேலேயே நிற்கிறது: நடுவில் எதுவோ அடைக்கிறது. அடுத்த பகுதி உங்களுக்கு.
- இரண்டும் சேர்ந்தே விழுகின்றன: தொட்டி சின்னது, அல்லது கம்ப்ரஸர் காற்றைத் தரவில்லை. "முதல் நட் கழன்றது, மூன்றாவது மாட்டிக்கொண்டது" என்ற பகுதி.

## தொட்டியில் காற்று இருக்கிறது, கன்னுக்கு வரவில்லை

செலவே இல்லாததிலிருந்து ஆரம்பிப்போம்.

ரெகுலேட்டர் திருகு. வீட்டில் குழந்தைகள் சைக்கிளுக்குக் காற்றடிக்க யாராவது 3 கிலோவுக்குக் குறைத்து வைத்திருப்பார்கள். டிரிக்கரை அழுத்தியபடியே திருகி, ஓட்டத்தில் 6.3 கிலோ வருமாறு வையுங்கள்.

கன் வாயில் உள்ள வலை. நிப்பிளை (கன்னில் திருகியிருக்கும் ஹோஸ் இணைப்புத் துண்டு) கழற்றினால் உள்ளே பொட்டு அளவுக்கு ஒரு கம்பி வலை தெரியும். சில கன்களில் இருக்காது. டெஃப்லான் டேப் துணுக்கு, தொட்டித் துரு, ஹோஸின் உள்தோல் எல்லாம் வந்து சேரும் இடம் இதுதான். ஊசியால் எடுத்து, பிரஷால் துடைத்து மாட்டுங்கள். டேப் சுற்றும்போது முதல் புரியை விட்டுவிட்டு இரண்டாவது புரியிலிருந்து சுற்றினால் துணுக்கு உள்ளே போகாது.

ஃபில்டர் கிண்ணம். ரெகுலேட்டரோடு சேர்ந்து வரும் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் வெள்ளையாக ஒரு ஃபில்டர் இருக்கும். அது டீ வடிகட்டி நிறத்துக்கு வந்திருந்தால் மாற்றும் காலம் தாண்டிவிட்டது. சந்தேகம் இருந்தால் ரெகுலேட்டரையே விலக்கிவிட்டு, தொட்டியின் அவுட்லெட்டிலிருந்து ஹோஸை நேராக மாட்டி ஒரு முறை மட்டும் சோதியுங்கள். கன்னுக்கு உயிர் வந்துவிட்டால் ரெகுலேட்டர்தான் வழியை மறிக்கிறது. ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கப் போதுமான சின்ன ரெகுலேட்டர் அரை இன்ச் கன்னுக்குப் போதாது. இந்தச் சோதனைக்கு முன் தொட்டியை 6 கிலோவுக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

கப்ளர்கள், அதாவது சட்டென்று மாட்டிக் கழற்றும் இணைப்புகள். ஹோஸ் நீளம் போதவில்லை என்று நடுவில் ஒரு கப்ளர், சுழலுவதற்கு ஒன்று, கன்னில் ஒன்று என்று நான்கைந்து மாட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றும் காற்றுக்கு ஒரு டோல்கேட். நடுவில் இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு இரு முனையில் மட்டும் வையுங்கள்.

இப்போது ஹோஸ். கம்ப்ரஸரோடு கிடைக்கும் சுருள் ஹோஸில் பெரும்பாலும் 8x5 என்று அச்சிட்டிருக்கும். வெளி அகலம் 8 மில்லிமீட்டர், காற்று போகும் துளை வெறும் 5 மில்லிமீட்டர் என்பது அதன் பொருள். கடையில் கேட்டால் "8 எம்எம் ஹோஸ் சார்" என்பார்கள், பொய்யும் இல்லை. அரை இன்ச் கன்னுக்கு மூன்றெட்டு இன்ச் உள்துளை கேட்கிறார்கள். அது 9.5 மில்லிமீட்டர். 5-க்கும் 9.5-க்கும் வித்தியாசம் இரண்டு மடங்குபோலத் தோன்றும். துளையின் பரப்பைக் கணக்கிட்டால் மூன்றரை மடங்குக்கு மேல். சுருள் ஹோஸ் விரித்தால் 5 மீட்டர் என்றாலும் சுருளுக்குள் சுற்றி வரும் நீளம் அதைவிட அதிகம். அதையும் காற்று உரசிக்கொண்டே கடக்க வேண்டும்.

என் ஷெட்டில் 8x5 சுருளில் கன் வாய் கேஜ் மூன்றரை கிலோவுக்கு விழுந்தது. 10 மில்லிமீட்டர் உள்துளை ரப்பர் ஹோஸ் 6 மீட்டர் வாங்கி, பெரிய துளை கப்ளர் இரண்டு போட்டேன். அதே தொட்டி, அதே கன். கேஜ் 6-ஐ விட்டு அதிகம் இறங்கவில்லை. புது பிளேடு செட்டுக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் செலவானது. சக்கர நட் இரண்டாவது வினாடியில் கழன்று வந்தபோது சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் வந்தது.

ஹோஸ் வாங்கும்போது உள்துளை எவ்வளவு என்று கேளுங்கள். அதோடு நிப்பிளின் துளையையும் பாருங்கள். 10 மில்லிமீட்டர் ஹோஸின் முனையில் 5 மில்லிமீட்டர் துளை நிப்பிளை அடித்துக் கொடுத்தால் எல்லாம் வீண்.

ஒரு எச்சரிக்கை. ஷெட்டுக்குள் காற்று லைன் இழுக்க வீட்டுத் தண்ணீர்க் குழாயான பிவிசியைப் போடாதீர்கள். தண்ணீர் அழுத்தத்தில் அது வெடித்தால் நனைவோம். காற்று அழுத்தத்தில் வெடித்தால் சில்லு சில்லாகப் பறந்து உடம்பில் ஏறும். இரும்புக் குழாய் அல்லது ரப்பர் ஹோஸ் போதும்.

## முதல் நட் கழன்றது, மூன்றாவது மாட்டிக்கொண்டது

இது பாதி நேரம் பழுதே இல்லை. கன்னின் அட்டையில் 4 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 4 கன அடி காற்று) என்று போட்டிருப்பது விட்டு விட்டு அழுத்துவதற்கான சராசரிக் கணக்கு. தொடர்ந்து அழுத்தினால் அதைப்போல நான்கு மடங்கு வரை குடிக்கும். 25 லிட்டர் தொட்டி 8 கிலோவிலிருந்து 6 கிலோவுக்கு இறங்குவதற்குள் கொடுக்கும் காற்று 50 லிட்டர். 16 சிஎஃப்எம் என்றால் நிமிடத்துக்கு 450 லிட்டர். ஆக, உங்களிடம் இருப்பது ஏழு வினாடி பலம். அதற்குள் நட் அசைய வேண்டும். அசையவில்லை என்றால் கையை எடுங்கள், தொட்டி நிறையட்டும், மறுபடி முழு அழுத்தத்தில் அடியுங்கள். 5 கிலோவில் அரை நிமிடம் அடிப்பதற்கு 8 கிலோ தொட்டியில் மூன்று வினாடி அடிப்பது மேல்.

தொட்டி போதவில்லை என்றால் காற்றுக்கென்றே செய்த இன்னொரு தொட்டியைச் சேர்க்கலாம். பழைய கேஸ் சிலிண்டரை வெல்டிங் வைத்து இணைத்துத் தருவதாக யாராவது சொன்னால் அவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

முன்பு ஒழுங்காகச் செய்தது இப்போது திணறுகிறது என்றால் கம்ப்ரஸரைச் சோதிக்க வேண்டும். தொட்டியைச் சுத்தமாகக் காலி செய்து, அவுட்லெட்டை மூடி, ஓடவிட்டு நேரம் பாருங்கள். தொட்டியின் லிட்டரை ஏறிய கிலோவால் பெருக்கி, ஆன நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தருகிறது என்று தோராயமாகக் கிடைக்கும். என் 50 லிட்டர் தொட்டி புதிதில் 8 கிலோ ஏற 3 நிமிடம் எடுத்தது. 133 லிட்டர், அதாவது 4.7 சிஎஃப்எம். பெட்டியில் போட்டிருந்தது 7-க்கு மேல். பெட்டியில் பெரும்பாலும் பிஸ்டன் தள்ளும் இடத்தின் கணக்கைத்தான் போடுவார்கள், வெளியே வருவது எப்போதும் குறைவு. அதனால் பெட்டியோடு ஒப்பிடாமல், உங்கள் மெஷின் புதிதில் எடுத்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். அந்த நேரத்தைத் தொட்டியின் மேலேயே பெயின்டில் எழுதி வைத்துவிட்டால் பிறகு உதவும்.

நேரம் கூடியிருக்கிறதா? அப்படியானால் கீழே.

## கம்ப்ரஸர் நிற்காமல் ஓடுகிறது, 5 அல்லது 6 கிலோவைத் தாண்டவில்லை

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஒரு நிமிடம் ஓட்டுவதால் ஒன்றும் ஆகாது. ஏற்றம் வேகமாகிவிட்டால் ஃபில்டர் மட்டும்தான் குறை. ஷெட்டில் மரம் இழைப்பவர்களுக்கு இது மாதாமாதம் வரும்.

அடுத்து கசிவு. தொட்டியை நிரப்பி, பிளக்கைப் பிடுங்கி, அரை மணி நேரம் கழித்துக் கேஜைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கியிருந்தால் சோப்புத் தண்ணீர் போடுங்கள். முதலில் அடியில் இருக்கும் டிரெயின் வால்வு. துருத்துகள் மாட்டிக்கொண்டு அதுதான் அதிகம் கசியும். பிறகு கேஜ் புரிகள், சேஃப்டி வால்வு, கப்ளர். சேஃப்டி வால்வு கசிந்தால் மாற்றுங்கள். அதை அடைத்துவிட்டு பிளக் போடும் வேலை வேண்டவே வேண்டாம்.

பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர் என்றால் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஒரு சென்டிமீட்டர் சொச்சம் அமுங்கலாம். தொளதொளவென்று இருந்தால் மோட்டாரைப் பின்னுக்கு இழுத்து இறுக்குங்கள்.

இத்தனையும் சரி என்றால் கம்ப்ரஸரின் தலைக்குள் (ஹெட்), அதாவது சிலிண்டரின் மேல்மூடிக்குள்தான் கோளாறு. ஃபில்டரை எடுத்துவிட்டு, ஓடும்போது உள்ளங்கையைக் காற்று இழுக்கும் வாய்க்குக் கிட்டே கொண்டுபோங்கள். இழுப்பு மட்டும் இருக்க வேண்டும். குப் குப்பென்று வெளியேயும் ஊதினால் இழுக்கும் பக்க வால்வுத் தகடு உடைந்திருக்கிறது, இல்லை கரி பிடித்து மூடாமல் நிற்கிறது. ஹெட்டைத் திறந்தால் பிளேடு மாதிரி மெல்லிய எஃகுத் தகடு தெரியும். மாற்றலாம், கேஸ்கெட்டோடு சேர்த்து செட்டாகவே கிடைக்கிறது. போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில், சமமாக இறுக்கத் தெரிந்தால் நீங்களே செய்யலாம்.

ஆயில் மூடியின் மூச்சுத் துளையில் காற்று பலமாக வீசுகிறது, டிரெயின் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. இங்கே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ரிங் மட்டும் போட்டால் போதுமா, சிலிண்டரையும் பார்க்க வேண்டுமா என்பதை அளந்துதான் சொல்ல முடியும். ஆயில் இல்லாத வகை என்றால் ரிங்குக்குப் பதில் டெஃப்லான் வளையம். ஸ்பேர் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பிரியுங்கள். சில மாடல்களுக்குப் புது மெஷினே மலிவு.

## நின்ற பிறகும் உஸ்ஸென்று சத்தம்

மோட்டார் நிற்கும்போது ஓரிரு வினாடி உஸ்ஸென்று வந்து அடங்குவது சரியான நடப்பு. ஹெட்டுக்கும் தொட்டிக்கும் நடுவில் உள்ள குழாயில் மிச்சமிருக்கும் காற்றைப் பிரஷர் சுவிட்ச் வெளியே விடுகிறது.

அடங்காமல் வந்துகொண்டே இருந்து, தொட்டியும் காலியாகிறது என்றால் பிரஷர் சுவிட்ச்சைத் திட்டாதீர்கள். சத்தம் அங்கிருந்து வந்தாலும் தப்பு ஒருவழி வால்வில். மெக்கானிக்குகள் என்ஆர்வி என்பார்கள். சூடான குழாய் தொட்டிக்குள் இறங்கும் இடத்தில் இருக்கும், பக்கவாட்டில் ஒரு மெல்லிய டியூப் பிரஷர் சுவிட்ச்சுக்குப் போகும். தொட்டியை முழுவதும் காலி செய்து, குழாய் ஆறியதும், அதன் மூடியைத் திறங்கள். ஸ்பிரிங், ஒரு வட்ட ரப்பர், கொஞ்சம் கரி. துடைத்து மாட்டினாலே பாதி நேரம் சரியாகிவிடும். ரப்பரில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றுங்கள், சில்லறைக் காசுதான்.

ஓடும்போதே உஸ்ஸென்று வந்தால் அது வேறு. பிரஷர் சுவிட்ச்சின் கீழே உள்ள குட்டி வால்வு மூடவில்லை. சுவிட்ச்சுக்குள் கரன்ட் இருக்கிறது, பிளக்கைப் பிடுங்காமல் மூடியைத் தொடாதீர்கள்.

## மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை

உடனே அணையுங்கள். பத்து வினாடிக்கு மேல் உறுமவிட்டால் மோட்டாரின் காயில் (கம்பிச் சுருள்) கருகும்.

தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போடுங்கள். இப்போது சுற்றுகிறதா? அப்படியானால் பாரத்தோடு கிளம்ப முடியவில்லை. மேலே சொன்ன ஒருவழி வால்வு கசிந்து பிஸ்டன் தலையில் அழுத்தம் உட்கார்ந்திருக்கலாம். இல்லையென்றால் வோல்டேஜ். பிளக் பாயின்ட்டில் மல்டிமீட்டரை வைத்து, கிளம்பும் நேரத்தில் பாருங்கள். 230 காட்ட வேண்டியது 180-க்கு விழுந்தால் மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. கோடைச் சாயங்காலத்தில் தெருவே ஏசி போடும் நேரத்தில் என் ஷெட்டில் இது சகஜம். விடிகாலையில் அதே மெஷின் சிரித்துக்கொண்டே கிளம்பும்.

எக்ஸ்டென்ஷன் பெட்டியும் இதே வேலையைச் செய்யும். 2 ஹெச்பி மோட்டார் ஓடும்போதே 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், கிளம்பும்போது பல மடங்கு. டேபிள் ஃபேனுக்கு வாங்கிய ஒல்லி ஒயரில் மாட்டினால் ஒயர் சூடாவதுதான் மிச்சம். கம்ப்ரஸரைச் சுவர் பிளக்குக்குப் பக்கத்தில் வைத்து, பெரிய துளை ஏர் ஹோஸை நீட்டிக்கொள்ளுங்கள். ஒயரைத்தான் நீட்ட வேண்டும் என்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், 16 ஆம்பியர் பிளக்.

காலித் தொட்டியிலும் உறுமல் மட்டும்தான் என்றால் கப்பாசிட்டர். உப்பியிருந்தால், எண்ணெய் கசிந்திருந்தால் பார்த்ததுமே தெரியும். ஆனால் கரன்ட்டை எடுத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் காயில் கட்டும் கடையில் கொடுத்துவிடுங்கள். கப்பாசிட்டர் மாற்றியும் சுற்றவில்லை, கருகிய வாடை வருகிறது என்றாலும் அதே கடைதான்.

## காற்று சரி, அடி விழவில்லை

கன் வாயில் 6 கிலோ நிற்கிறது. இப்போதும் கன்னைப் பிரிக்க அவசரப்படாதீர்கள்.

பின்பக்கத் திருகில் 1, 2, 3 என்று பல நிலைகள் இருக்கும். சில மாடல்களில் இறுக்கும் பக்கம் மட்டும்தான் குறைக்க முடியும், சிலவற்றில் இரண்டு பக்கமும். திசை மாற்றும் பட்டனும் பாதியில் நிற்காமல் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள்.

சாக்கெட். மின்னும் குரோம் சாக்கெட் கைக்கானது. கன்னுக்குத் தடிமனான கறுப்பு இம்பேக்ட் சாக்கெட் வேண்டும். குரோம் சாக்கெட் உடைந்தால் முகத்துக்கு வரும். நீள எக்ஸ்டென்ஷன், முக்கால் இன்ச்சுக்கு மாற்றும் அடாப்டர், அலைபாயும் யுனிவர்சல் ஜாயின்ட் ஆகிய ஒவ்வொன்றும் அடியை விழுங்கும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சாக்கெட்டை நேராகக் கன்னில் மாட்டி அடித்துப் பாருங்கள். கன் முனையின் சதுரம் தேய்ந்து உருண்டையாகியிருந்தாலும் அடி வழுக்கும்.

நட்டையும் சந்தேகப்படுங்கள். கடற்கரையிலிருந்து நாலு கிலோமீட்டருக்குள் இருக்கிறோம். தேவனாம்பட்டினத்தில் வாசலிலேயே நிற்கும் வண்டியின் நட் இரண்டு மழைக்காலம் கழற்றாமல் இருந்தால் போல்ட்டோடு ஒன்றாகிவிடும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். கார் நட்டுகளுக்கு வேண்டிய இறுக்கம் பொதுவாக 90 முதல் 120 நியூட்டன் மீட்டர்தான். டயர் கடையில் பெரிய கன்னால் அடித்து இறுக்கியதை உங்கள் சின்ன கன் கழற்றவில்லை என்றால் அதில் கேவலம் இல்லை. முதல் இழுப்பை நீளப் பாரால் கொடுத்துவிட்டுக் கன்னை வையுங்கள். நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒருவர் கரும்பு டிராக்டர் நட்டுக்கு அரை இன்ச் கன்னைக் கொண்டுவந்து காட்டினார். அதற்கு முக்கால் இன்ச்சோ ஒரு இன்ச்சோ கன்னும் அதற்கேற்ற கம்ப்ரஸரும் வேண்டும். வீட்டு மெஷினுக்கு அந்த வேலை ஆகாது. கன்னால் இறுக்கி முடிப்பதையும் விட்டுவிடுங்கள். கையால் புரியேற்றி, கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சில் முடித்தால் அடுத்த முறை இந்தப் பகுதியைப் படிக்கவே வேண்டியிருக்காது.

இவ்வளவுக்கும் பிறகு கன்தான் என்றால், சாக்கெட் இல்லாமல் காற்றில் சுற்றவிட்டுக் கேளுங்கள்.

மெதுவாக, இருமுவதுபோலச் சுற்றினால்: பிளேடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காற்று வாயில் ஏர் டூல் ஆயில் பத்துச் சொட்டு விட்டு, எக்ஸாஸ்ட்டைத் துணியால் மூடிப் பிடித்து, இரண்டு திசையிலும் மாறி மாறிச் சிறிது சிறிதாக ஓட்டுங்கள். கறுப்புச் சாறு வரும். சுத்தமாக வரும் வரை திருப்பிச் செய்யுங்கள். பாதி கன்கள் இதிலேயே எழுந்துவிடும். இனி ஒவ்வொரு வேலைக்கு முன்னும் மூன்று நான்கு சொட்டு. அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை. என்ஜின் ஆயில் தடிப்பு, தேங்காய் எண்ணெய் சில வாரத்தில் பிசின். தேங்காய் எண்ணெய் விட்ட கன் ஒன்றைப் பிரித்தபோது சமையலறை வாடை அடித்தது.

வேகமாகச் சுற்றுகிறது, நட்டில் வைத்தால் டகடக சத்தமே இல்லை: கன்னுக்குள் அடி கொடுக்கும் சுத்தியல் பகுதியில் கோளாறு. முன்மூடியைக் கழற்றினால் கிரீஸ் காய்ந்து கட்டியாகியிருக்கும், அல்லது சுத்தியல் முனை உடைந்திருக்கும். காய்ந்ததை மண்ணெண்ணெயில் கழுவி, லித்தியம் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். அள்ளி அப்பினால் சுத்தியல் நீந்தும், அடிக்காது.

காற்று மட்டும் போகிறது, சுற்றவே இல்லை: பிளேடு உடைந்திருக்கிறது அல்லது துருவில் சிக்கியிருக்கிறது. பின்மூடியின் நான்கு போல்ட்டைக் கழற்றி, கேஸ்கெட் கிழியாமல் திறங்கள். பிளேடுகளைச் செட்டாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் ஓட்டம் சமமாக இருக்காது. பக்கத் தகடுகளில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் நிறுத்துங்கள். அதைத் தேய்த்துச் சமன் செய்வது லேத் பட்டறை வேலை. சாதாரண கன் என்றால் அந்தக் கூலியே புது கன்னின் விலையில் முக்கால்வாசி ஆகிவிடும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பலம் போதவில்லை என்று ரெகுலேட்டரைப் 10 கிலோவுக்கு ஏற்றுவது. ஒரு வாரம் நன்றாக அடிக்கும். அப்புறம் சுத்தியல் போகும்.

## எக்ஸாஸ்ட்டில் தண்ணீர் தெளிக்கிறது

நம் ஊர்க் காற்றில் இது தவிர்க்க முடியாதது. மழைக்காலத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 20 கிராமுக்கு மேல் ஈரம் இருக்கும், 8 கிலோவுக்கு அமுக்கி ஆறியதும் அதில் பெரும்பகுதி தண்ணீராகிவிடும். என் மெஷின் மொத்தம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு டீ கிளாஸ் நிறையக் கிடைக்கிறது. திறக்காமல் விட்டால் தொட்டி துருப்பிடிக்கும், துரு கன்னுக்குப் போகும், பிளேடு ஒட்டும்.

வேலை முடிந்ததும் டிரெயினைத் திறங்கள், இரவு முழுக்கத் திறந்தே இருக்கட்டும். தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தைக் கம்ப்ரஸரின் மேலேயே மாட்டாதீர்கள், சூடான காற்றிலிருந்து தண்ணீர் பிரியாது. கொஞ்சம் தள்ளிச் சுவரில், காற்று ஆறி வரும் இடத்தில் மாட்டுங்கள். ஆயில் கண்ணாடியில் மோர் மாதிரி வெண்மை தெரிந்தால் ஆயிலை மாற்றுங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளமும் வந்தபோது, மூழ்கிய கம்ப்ரஸர்கள் நாலைந்து என்னிடம் வந்தன. வெள்ளத்தில் நின்ற மெஷினுக்குச் சோதனைக்காகக்கூட கரன்ட் கொடுக்காதீர்கள். மோட்டார் நேராகக் காயில் கட்டும் கடைக்கு. ஆயிலை வடித்து, ஹெட்டைத் திறந்து துடைத்து, புது ஆயில் ஊற்றிக் கையால் சுற்றிப் பாருங்கள். சேறு உள்ளே போயிருந்தால் முழுதாகப் பிரிக்க வேண்டும், அதற்கு ஆள் தேவை.

## தொட்டியில் ஈரப் பொட்டு

அடிப்பாகத்தில் பெயின்ட் உப்பியிருக்கிறது, அழுத்தம் ஏறினால் ஒரு புள்ளியில் ஈரம் கசிகிறது. இதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. எம்சீல், வெல்டிங், எதுவும் வேண்டாம். ஒரு ஓட்டை தெரிகிறது என்றால் அதைச் சுற்றியுள்ள தகடு முழுவதும் உள்ளே அரித்துப் போயிருக்கிறது. காற்றைக் காலி செய்து, பிளக்கை வெட்டிவிட்டு, ஹெட்டையும் மோட்டாரையும் வேறு நல்ல தொட்டிக்கு மாற்ற ஆளைக் கூப்பிடுங்கள்.

எதிர் வீட்டு மாமா அப்படி ஒரு தொட்டியை "பொட்டு வெல்டிங்தானே தம்பி, வைச்சுக் கொடு" என்று கொண்டுவந்தார். மறுத்தேன். கோபித்துக்கொண்டு போனார், அடுத்த வாரம் வேறு பட்டறையில் விசாரித்துவிட்டு அவரே திரும்பி வந்தார். கட்டரால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தோம். உள்ளே பால்கோவா மாதிரி பொருக்குப் பொருக்காகத் துரு. அடித் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழிந்தது. மேல் பாதி நன்றாகத்தான் இருந்தது. அதில் இப்போது அத்தை கனகாம்பரம் வைத்திருக்கிறார்கள்.